ஒத்த ஆளுக்கு இலை இல்லையா?

மதுரைக்குப் போய் ருசியாகச் சாப்பிட வேண்டுமென்றால் நாலு பேராகப் போக வேண்டும். இதை யாரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை. சனி, ஞாயிறில் ஒத்தையாகப் போய் ஒரு ஓட்டல் வாசலில் நின்று பாருங்கள், தெரிந்துவிடும். “எத்தனை பேரு?” என்பார்கள். “ஒரு ஆள்தான்” என்றால், கேட்டவர் பார்வை உங்களைத் தாண்டிப் போய், பின்னால் யாராவது வருகிறார்களா என்று தேடும். யாரும் வரவில்லை என்று உறுதியானதும், “செத்த அங்கிட்டு நில்லுங்கக்கா” என்பார். அந்த ‘அங்கிட்டு’ பெரும்பாலும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்.

நான் நிலக்கோட்டைக்காரி. பூ கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். முகூர்த்த நாள் என்றால் மல்லிகை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம் என்று மூட்டை மூட்டையாக இறங்கும். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்களுக்குப் போகிற பூவை அனுப்பிவிட்டால் சனி, ஞாயிறு கொஞ்சம் மூச்சு விடலாம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்; அவருக்கு அந்த இரண்டு நாளில்தான் வாடகை கிடைக்கும். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஆக, நான் மட்டும் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்குகிறேன். நாயக்கர் மகால், மாசி வீதிகள், ஒரு சினிமா, ஜவுளிக்கடையில் வாங்காமல் வேடிக்கை, ராத்திரி லாட்ஜ், மறுநாள் திரும்பல். தனியாக வருகிற பெண்ணுக்கு லாட்ஜில் ரூம் கிடைப்பது இன்னொரு புலம்பல். அதை ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு வந்து சேர முடியாது.

மதுரை மெஸ்களில் மத்தியான நேரத்தில் ஒரு தட்டு வரும். பெரிய தட்டு, அதன் மேல் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், எலும்பு ரோஸ்ட், காடை, நண்டு, அயிரை மீன் குழம்பு. சப்ளையர் அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாக வருவார். குடும்பமாக உட்கார்ந்திருக்கும் மேசையில் அது நிதானமாக நிற்கும். தம்பிக்கு என்ன, பாப்பாவுக்கு என்ன, காடை இப்பத்தான் இறங்குச்சு சார் என்று கிண்ணத்துக்குக் கிண்ணம் வரலாறு சொல்வார். என்னிடம் வந்தால் நிற்காது. தலைக்கு மேலே போய்விடும், வாசனையை மட்டும் விட்டுவிட்டு. கூப்பிட்டு நிறுத்தினால், “உங்களுக்கு என்னக்கா, ஒரு ஆம்லெட் சொல்லவா?” என்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒத்த ஆள் ஒரு வெஞ்சனத்துக்கு மேல் வாங்க மாட்டார் என்பது அவர் அனுபவம். அந்த அனுபவம் சரியாக இருப்பதுதான் என் வயிற்றெரிச்சல். எனக்குச் சுக்காவும் வேண்டும், கோலாவும் வேண்டும், அயிரைக் குழம்பு ஒரு கரண்டியும் வேண்டும். மூன்றையும் முழுசாக வாங்கினால் தின்னவும் முடியாது, கையில் இருக்கிற காசும் தாங்காது. நாலு பேர் குடும்பம் நாலு கிண்ணம் வாங்கி நாலையும் ருசி பார்க்கிறது. நான் ஒன்றை வாங்கி ஒன்றை மட்டும் ருசி பார்க்கிறேன். தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காசு. கணக்கு எழுதுகிறவளுக்கு இது பொறுக்குமா?

கறி தோசை இன்னும் மோசம். தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கொத்துக்கறி; திருப்பிப் போட்டு எடுத்தால் ஒரு ஆள் வயிற்றை ராத்திரிக்கு அடைத்துவிடும். சிம்மக்கல் பக்கம் அதற்காகவே கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை நடுவில் வைத்து ஆளுக்கு ஒரு கை பிய்த்துவிட்டு, அடுத்துப் பரோட்டா, அடுத்துக் கலக்கி என்று மேலே போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கறி தோசை என்றால் அன்றைக்கு அதோடு சரி. பன் பரோட்டா அடுத்த ஆடிக்கு. “பாதி போடுவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு, பாதிக் கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்ன ஆளைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

சரி, சைவத்துக்குப் போவோம், அளவுச் சாப்பாடு கிடைக்குமே என்றால், கிழமை நாளில்தான் அது. ஞாயிற்றுக்கிழமை மெனு போர்டில் அந்த வரியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுகிறார்கள். ஸ்பெஷல் மீல்ஸ் மட்டும். இரண்டு இனிப்பு, மூன்று பொரியல், ஐஸ்கிரீம், பீடா. எனக்கு ஒரு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி ரசம், கொஞ்சம் மோர் போதும். “இன்னைக்கு அது இல்லக்கா, சண்டே.” ஞாயிற்றுக்கிழமை மனுஷி வயிறு பெருத்துவிடுமா? கூடவே, கேட்காமலே ஒரு தண்ணீர் பாட்டில் மேசையில் வந்து உட்காரும். சாதா தண்ணீர் வேண்டும் என்றால், அது வருவதற்குள் ரசம் ஆறிவிடும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கை கழுவப் போகிற விஷயம் இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை.

கூட ஒரு ஆள் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் போய்க் கழுவிவிட்டு வரலாம். ஒத்த ஆள் என்ன செய்வது? பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனால் பை போய்விடுமோ என்ற பயம். எடுத்துக்கொண்டு போனால் நாற்காலி போய்விடும். திரும்பி வருவதற்குள் அங்கே ஒரு தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து, “என்னா மெனு?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தால் நம் பஸ்ஸில் செல்லும், ஓட்டலில் செல்லாது. இது சாப்பிடுவதற்கு முன்னால். நடுவில் எழுந்தால் இன்னும் ஆபத்து. ஒரு முறை மோர் சாதத்தை மிச்சம் வைத்துவிட்டு, புரையேறித் தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போய்வந்தேன். இலை இல்லை. மேசை துடைத்து, ஈரம் கூடக் காயாமல் பளபளவென்று இருந்தது. “முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா” என்றார் துடைத்தவர், பாவம், சின்னப் பையன். இலையை மூடாமல் எழுந்த ஆள் சாப்பாட்டை முடிக்கவில்லை என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு, நாற்காலிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று நம் தொண்டையில் இறங்குகிற ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும்போது, எந்தப் பையன் இலையைப் பார்ப்பான்?

எங்கே உட்கார வைப்பது என்பதிலும் கூத்துதான். ஆண்கள் ஒத்தையாக வந்தால் ஏசி ஹாலில் விடுவதில்லை. “அது ஃபேமிலி சார்” என்று கீழே அனுப்பிவிடுகிறார்கள். நான் பெண் என்பதால் ஃபேமிலி ஹாலுக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிவிட்டு, அங்கே இருக்கிறவர், “ஃபேமிலி எங்கம்மா?” என்று கேட்கிறார். நான்தாம்பா ஃபேமிலி. உணவகச் சாப்பாட்டுக்கு ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 2017 நவம்பரில் குறைத்தார்கள். வரி வாங்குகிற டெல்லிக்காரனுக்கே எந்த ஹால், எத்தனை பேர் என்பது பிரச்சினையில்லை. வாசலில் நிற்கிற தம்பிக்குத்தான் பிரச்சினை.

கடைசியில் ஒரு வழி சொல்வார்கள்: “பார்சல் வாங்கிட்டு ரூமுக்குப் போயிடுங்களேன்க்கா, நிம்மதியாச் சாப்பிடலாம்.” லாட்ஜ் ரூமில் தட்டு கிடையாது, மேசை கிடையாது. கட்டிலில் தினத்தாளை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து, நூல் சுற்றிக் கட்டிய சாம்பார்ப் பையைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மெத்தை விரிப்பில் சிந்திவிடுமோ என்று குனிந்தபடியே தின்ன வேண்டும். இதற்கு நிலக்கோட்டையிலேயே இருந்திருக்கலாம்.

“அப்ப உங்க ஊர்லயே சாப்பிடலாம்ல?” என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் யாரும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. விடியும் முன்னே எழுந்து, மொட்டு விரிவதற்குள் பறித்து, மூட்டை கட்டிக்கொண்டு வருகிற ஆணும் பெண்ணும் ஒத்தை ஒத்தையாகத்தான் வருகிறார்கள். பெஞ்சில் இடம் இருந்தால் உட்கார்ந்து, இல்லாவிட்டால் நின்று, நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்க்கிற வழக்கமே இல்லை. ஆனால் நான் அங்கே போய் உட்கார முடியாது. உட்கார்ந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால், “உங்க வீட்டுல அடுப்புப் பத்த வைக்கலையாமே” என்ற செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். யாரும் கேள்வி கேட்காமல் ஒரு வேளை சாப்பிடத்தான் ஊர் விட்டு ஊர் போவது. அங்கே முதல் பேச்சே கேள்வியாக இருந்தால் எப்படி?

திண்டுக்கல்லுக்குப் போ என்கிறார்கள் சிலர். நியாயம்தான். பிரியாணி ஒத்த ஆளுக்கு இறைவன் கொடுத்த சாப்பாடு. சீரகச் சம்பா, கறி, மசாலா எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். பங்கு போட ஆள் தேட வேண்டியதில்லை. 1957-இல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று பிரியாணிக் கடை வைத்தபோது, அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேராவது சந்தைக்கும் பூட்டு வேலைக்கும் ஒத்தையாக வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இப்போது பிரியாணியும் பக்கெட்டுக்கு வந்துவிட்டது. நாலு பேருக்கு ஒன்று, ஆறு பேருக்கு ஒன்று என்று படம் போட்டுத் தொங்குகிறது. ஒரு ஆளுக்கான தட்டு மெனு கார்டில் கீழே போய்விட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். இந்தத் தொழிலை வளர்த்துவிட்டதே ஒத்த ஆட்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியது வழிப்போக்கருக்காக. அவர் பெயரில் ஒரு சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்னும் நிற்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டியது பசித்து வருகிற எவருக்கும். குடும்ப அட்டை காட்டச் சொல்லி யாரும் வாசலில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மெஸ்கள் யாரை நம்பி அடுப்பு மூட்டின? மில்லில் ஷிப்ட் பார்த்தவர், கல்லூரிப் பையன், கல்யாணம் ஆகாத குமாஸ்தா, கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வந்த விவசாயி. மாத டோக்கன் வாங்கி ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். வீட்டில் சாப்பாடு இருக்கிறவன் அந்தக் காலத்தில் எதற்கு ஓட்டலுக்கு வருவான்?

அந்தப் பெஞ்சும் சும்மா கிடைத்துவிடவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யாருக்குத் தட்டு, யாருக்கு இலை என்று பார்த்த ஓட்டல்கள் இந்த நாட்டில் நிறைய இருந்தன. நாகசாமி நாயுடு கடை திறந்த அதே 1957-இல்தான் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற எழுத்தை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை ஒழிய எவ்வளவு காலம் பிடித்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று ஆக்குவதற்கு அத்தனை பாடு. அதனால்தான் என்னை ஒரு குடும்பத்தின் மேசையில் நாலாவது ஆளாக உட்கார வைத்தால் நான் முகம் சுளிப்பதில்லை. அவர்கள்தான் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடும். அம்மா கைப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். நான் ரசத்தை உறிஞ்சாமல் குடிக்க வேண்டியிருக்கும்.

முதலாளி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு பேர் மேசையை ஒரு ஆளுக்குக் கொடுத்தால் மூன்று நாற்காலி நஷ்டம். வாரத்துக்கு இரண்டு நாள்தான் கூட்டம். வாடகை, கேஸ் சிலிண்டர், ஆள் சம்பளம். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கில் நேரத்தைக் காணோமே. நான் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். பேசுவதற்கு ஆள் இல்லை, படம் எடுக்கவும் ஆள் இல்லை. குடும்பம் என்றால் மெனு கார்டைப் படிக்கவே அவ்வளவு நேரமாகும். அப்புறம் பிள்ளைக்குக் காரம் இல்லாமல் ஒன்று, ஐஸ்கிரீம் எது என்று ஒரு பஞ்சாயத்து, பில் யார் கொடுப்பது என்று மச்சானுக்கும் மாமாவுக்கும் மல்லுக்கட்டு. ஒரு நாற்காலி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்த்தால் நான் ஒன்றும் நஷ்டமில்லை.

சைவ ஓட்டல்காரர்களில் எவரோ ஒரு புண்ணியவான் மினி டிபன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு இட்லி, ஒரு வடை, ஒரு கரண்டி பொங்கல், உள்ளங்கை அளவு மசால் தோசை, கொஞ்சம் கேசரி, ஒரு காபி. ஒத்த ஆள் ஒரே வேளையில் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிடலாம். அதை மட்டும் நம்பி நான் காலை வேளையைச் சண்டையில்லாமல் கழிக்கிறேன். இதே யோசனை அசைவக் கடைகளுக்கு ஏன் வரவில்லை? கால் தோசை அளவுக்குக் கறி தோசை, இரண்டு கோலா, ஒரு கரண்டி சுக்கா, ஒரு கரண்டி அயிரை. மினி மதுரை என்று பெயர் வையுங்கள். கேட்கிற விலையைக் கொடுக்கிறேன்.

ஜப்பானில் தனி ஆள் சாப்பிடுவதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு வியாபாரி ஊர் ஊராகப் போய் ஒத்தையாகச் சாப்பிடுவதை மட்டும் காட்டும் தொலைக்காட்சித் தொடர் அங்கே 2012-இல் தொடங்கிப் பல பருவங்கள் ஓடியிருக்கிறது. சில நூடுல்ஸ் கடைகளில் ஒரு ஆளுக்கு ஒரு தடுப்பு. முன்னால் இருக்கிற சின்னத் தட்டிக்கு அடியில் கிண்ணம் வரும், முகம் பார்க்கவே தேவையில்லை. அதெல்லாம் எனக்கு வேண்டாம். தடுப்புக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் பரீட்சை எழுதுகிற நினைப்பு வந்துவிடும். நாலு பேர் பேசுகிற சத்தம் வேண்டும், யாராவது “அந்த உப்பை இப்படித் தள்ளுங்க” என்று சொல்ல வேண்டும்.

நம் ஊரிலேயே அப்படி ஒரு இடம் இருக்கிறது. அம்மா உணவகம். 2013-இல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டு மதுரைக்கும் வந்தது. இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று, சாம்பார் சாதம் ஐந்து என்று ஆரம்பித்தார்கள். டோக்கன் வாங்கி, தட்டை எடுத்து, நின்றபடி சாப்பிட வேண்டும். சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் பெண்கள். அங்கே என்னை எவரும் எத்தனை பேர் என்று கேட்டதில்லை, ஃபேமிலியைத் தேடியதில்லை. பக்கத்தில் சுமை தூக்குகிறவர், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்த பாட்டி. ருசி பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மரியாதை பற்றி எனக்குப் புகார் இல்லை. ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிற மரியாதை ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நின்று சாப்பிடுகிற இடம் எல்லாமே ஒத்த ஆளுக்குத் தோழன்தான். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க நாற்காலி வேண்டாம். பால், பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே டம்ளரில், சின்னது பெரியது என்று அளவும் உண்டு. பருத்திப்பால் வண்டியிலும் அப்படித்தான். என்ன, ராத்திரி பத்து மணிக்குத் தள்ளுவண்டி முன்னால் ஒரு பெண் நின்றால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. தூங்கா நகரம் என்று நமக்கும் பெருமைதான். தூங்காத ஊரில் பெண் நிம்மதியாக நின்று ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிப்பது எந்த ஆணையில் வரும் என்று தெரியவில்லை.

முதலாளிமாரே, பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. சுவர் ஓரமாக ஒரு பலகை அடித்து ஐந்தாறு ஸ்டூல் போடுங்கள். ஆணோ பெண்ணோ, ஒத்தையாக வருகிற ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறோம். பை மாட்ட ஒரு கொக்கி. பாதிக் கறி தோசைக்கு முக்கால் விலை போட்டாலும் சம்மதம். துடைக்கிற தம்பியிடம், மூடாத இலையைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அளவுச் சாப்பாடு போடுங்கள். காசை உட்காருவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறோம்.